தோற்கப்போகும் வழக்கில் எதற்கு வக்காலத்து?

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ஈரானிய வழக்கறிஞர் நஸ்ரின் சொத்தூதே பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போது படித்தேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வாதாடுவதெல்லாம் இல்லை, கோப்புகளைத் தயார் செய்து கொடுப்பேன். அதனாலேயே கட்டுரை எனக்குப் பிடித்தது. அதனாலேயே எரிச்சலும் வந்தது.

அரசியல் வழக்குகளை விசாரிக்கும் ஈரானின் புரட்சி நீதிமன்றத்தில் தீர்ப்பு முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அங்கே போய் வாதாடுவது எதற்கு? அவர்கள் போடும் நாடகத்தில் நாமும் ஒரு வேடம் கட்டியதாக ஆகாதா? "பாருங்கள், அவளுக்கு வக்கீல்கூட இருந்தார்" என்று அந்த அரசாங்கம் உலகத்திடம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

இன்னொன்று. நான் தூடோங் (தலைத்துணி) அணிகிறேன். என் விருப்பம்தான். சொல்லப்போனால் அம்மாவுக்கு முன்பே நான் அணியத் தொடங்கிவிட்டேன். உங்கள் கட்டுரையை யாரோ எங்கள் அடுக்குமாடி புளோக் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதன் கீழே வந்த பேச்சுகளை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தில் ஒருவர், நல்ல மனிதர்தான், "உங்கள் வீட்டிலும் கட்டாயமா?" என்று கேட்டார். ஈரானியப் பெண்களுக்காக நீங்கள் எழுதுகிறீர்கள், இங்கே அது எங்கள் தலையில் வந்து விழுகிறது. யோசித்தீர்களா?

கடைசியாக, சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் தமிழில் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது? தெஹ்ரானில் யாரும் தமிழ் படிப்பதில்லையே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பள்ளிவாசல் பெண்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அதற்காகத்தான் கேட்கிறேன்.

ச.நூ., ஜூரோங் வெஸ்ட்

*

அன்புள்ள ச.நூ.,

வ அலைக்கும் ஸலாம். கோபம் ஏன் வரப்போகிறது? வாழ்த்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் கஷ்டம். உங்கள் கடிதத்துக்கு எழுத நிறைய இருக்கிறது.

முதலில், அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். சொத்தூதே 1963இல் பிறந்தவர். கைதான மாணவர்கள், பெண்ணுரிமைச் செயல்பாட்டாளர்கள், சிறு வயதில் செய்த குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர்கள் ஆகியோரின் வழக்குகளை எடுத்தவர். 2010இல் அவரையே கைது செய்தார்கள். 11 ஆண்டு சிறை என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் 6 ஆண்டாகக் குறைந்து, 2013இல் வெளியே வந்தார். 2018 ஜூனில் மறுபடி கைது. 2019 மார்ச்சில் வெளியான மொத்தத் தண்டனை 38 ஆண்டு சிறை, 148 கசையடி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கோப்பு தயார் செய்பவர் என்பதால் கோப்பு வழியாகவே சொல்கிறேன்.

2017 டிசம்பர் 27 அன்று தெஹ்ரானின் எங்கெலாப் தெருவில், நடைபாதையோரம் இருந்த ஒரு பெட்டியின் மேல் ஏறி ஒரு பெண் நின்றாள். தன் வெள்ளைத் தலைத்துணியைக் கழற்றி ஒரு குச்சியில் கட்டி அசைத்தாள். யாரோ எடுத்த காணொளி உலகமெங்கும் போனது. அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. பெயர்கூடத் தெரியாது. "அவள் எங்கே?" என்று சமூக ஊடகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சொத்தூதே என்ன செய்தார் என்றால், அந்தத் தெருவில் நடந்ததை விசாரித்து, அவளுக்கு வயது 31, வீட்டில் இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை இருக்கிறது, அவள் காவலில் இருப்பது உண்மைதான் என்று வெளியே சொன்னார். ஜனவரிக் கடைசியில் அவள் விடுதலையான செய்தியையும் அவர்தான் சொன்னார். விதா மொவாஹெத் என்ற பெயர் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த இடம் வரைக்கும் நீதிமன்றத்தில் ஒரு வாதமும் நடக்கவில்லை, கவனித்தீர்களா? சொத்தூதே கேட்டதால்தான் விட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதை நிரூபிக்க முடியாது. ஆனால் காணாமல் போன ஒருத்திக்கு வயது, குடும்பம், காவல் நிலை என்று ஒரு கோப்பு உண்டாகிவிட்டது. கோப்பே இல்லாத கைதிக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அடக்குமுறை அரசாங்கத்தின் கீழ் ஒரு வக்கீல் செய்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். எந்தச் சிறை, எந்தப் பிரிவு, எந்த அதிகாரி கையெழுத்துப் போட்டார், குடும்பத்தார் பார்க்க விடுகிறார்களா என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்பது. சினிமாவில் இதைக் காட்ட மாட்டார்கள், பார்க்கச் சலிப்பாக இருக்கும்.

அப்புறம் சட்டம். ஈரானின் தண்டனைச் சட்டப்படி, பொது இடத்தில் ஹிஜாப் இல்லாமல் வரும் பெண்ணுக்கு 10 நாள் முதல் 2 மாதம் வரை சிறை, அல்லது அபராதம். அந்தச் சட்டமே அநியாயம், அது வேறு விஷயம். ஆனால் எழுதி வைத்திருப்பது அவ்வளவுதான். விதாவைப் பார்த்து வேறு பெண்களும் பெட்டிகள் மேல் ஏறி நின்றபோது அரசுத் தரப்பு இந்தப் பிரிவோடு நிற்கவில்லை. பக்கத்துப் பிரிவையும் எடுத்தது. ஒழுக்கக்கேட்டையும் விபச்சாரத்தையும் ஊக்குவித்தல் என்ற குற்றம், 10 ஆண்டு வரை சிறை. ஒரு துணியைக் கழற்றியதற்கு! அந்தப் பெண்களில் சிலருக்குச் சொத்தூதேதான் வக்கீல்.

வக்கீல் இல்லாத பெண்ணுக்கு இந்த இரண்டு பிரிவுகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. வக்கீல் எழுந்து நின்று, "உங்கள் புத்தகத்திலேயே அதிகபட்சம் 2 மாதம் என்றுதானே இருக்கிறது, 10 ஆண்டு எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார். நீதிபதி காதில் வாங்காமல் போகலாம். பெரும்பாலும் வாங்குவதில்லை. இருந்தாலும் வேறு பிரிவில் தண்டிக்கும்போது அவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அநியாயத்தை அநியாயக்காரனின் கையெழுத்திலேயே வாங்கி வைப்பது சின்ன வேலை இல்லை.

இனி உங்கள் கேள்வியை அந்த அரசாங்கத்திடமே கேட்டுப் பார்ப்போம். வாதாடுவது வெறும் நாடகம், யாருக்கும் பயனில்லை என்றால், அவர்கள் சொத்தூதேயைச் சும்மா விட்டிருக்கலாமே? விடவில்லை. அந்த 38 ஆண்டில் மிகப் பெரிய பகுதியான 12 ஆண்டு எதற்கு என்று பாருங்கள். அதே ஒழுக்கக்கேட்டையும் விபச்சாரத்தையும் ஊக்குவித்த குற்றத்துக்கு, அதுவும் 10 ஆண்டு என்ற உச்சத்தையும் தாண்டி. எந்தப் பிரிவு பொருந்தாது என்று வாதாடினாரோ, அதே பிரிவைத் தூக்கி வக்கீல் மேலேயே போட்டுவிட்டார்கள். (பல குற்றங்களுக்குத் தண்டனை விதித்தால் அதில் பெரியதை மட்டும் அனுபவித்தால் போதும் என்பது அங்குள்ள விதி. அதனால் 38 என்பது நடைமுறையில் 12. செய்தித் தலைப்புகளில் இதைச் சொல்ல மாட்டார்கள், 38தான் கண்ணைப் பறிக்கிறது. 12 குறைவா என்ன?)

வேடம் கட்டுவதைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அலங்கார வக்கீல்கள் உண்மையிலேயே உண்டு. 2018இல் ஈரானிய நீதித்துறை ஒரு பட்டியல் வெளியிட்டது. தேசியப் பாதுகாப்பு சம்பந்தமான வழக்குகளில், விசாரணைக் கட்டத்தில், நீதித்துறைத் தலைவர் ஒப்புக்கொண்ட வக்கீல்களை மட்டுமே கைதிகள் வைத்துக்கொள்ளலாம். தெஹ்ரான் முழுவதற்கும் அந்தப் பட்டியலில் 20 பெயர்கள். ஆயிரக்கணக்கான வக்கீல்கள் இருக்கும் நகரத்தில் 20 பேர்! சொத்தூதே போன்றவர்களுக்கு அதில் இடம் கிடைக்குமா? நீங்கள் சொல்லும் நாடக வக்கீல் வேண்டும் என்றுதான் அரசாங்கம் பட்டியலே போட்டது. மற்றவர்கள் அந்த வேடத்துக்குச் சரிப்பட்டு வரவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறதே.

தன் சொந்த வழக்கில் சொத்தூதே எடுத்த முடிவு உங்கள் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கும். நீதிமன்றத்துக்கே போக மறுத்துவிட்டார். அவர் இல்லாமலேயே விசாரணை நடந்தது. தன் கட்சிக்காரருக்காக என்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்பார், தனக்கு என்றால் வர மாட்டேன் என்பார். முரண்பாடு மாதிரித் தெரிகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்சிக்காரியின் நாட்கள் அவள் சொத்து, அதில் ஒரு நாளைக் குறைக்க வாய்ப்பிருந்தாலும் வக்கீல் போய்த்தான் ஆக வேண்டும். தன் நாட்களை என்ன செய்வது என்பது தன் முடிவு. எப்போது போவது, எப்போது மறுப்பது என்று உள்ளே சிக்கியிருப்பவர்தான் சொல்ல வேண்டும். நீங்களும் நானும் ஜூரோங்கிலிருந்தும் ஈசூனிலிருந்தும் சொல்ல முடியாது.

நீதிமன்றமே இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு ஆஃப்கானிஸ்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 15இல் தாலிபான் காபூலைப் பிடிப்பதற்கு முன் அந்நாட்டில் ஏறக்குறைய 250 பெண் நீதிபதிகள் இருந்தார்கள். இப்போது ஒருவரும் இல்லை. வக்கீல்கள் சங்கத்தை அந்த ஆண்டு நவம்பரிலேயே நீதி அமைச்சு எடுத்துக்கொண்டது, பெண்களுக்கு வக்கீல் உரிமம் கிடையாது. 2022 மார்ச் 23இல் உயர்நிலைப் பள்ளி திறக்கும் என்று சிறுமிகள் பையோடு போனார்கள், சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகமும் போனது. 2024 டிசம்பரில் தாதிமை, மகப்பேற்று உதவிப் படிப்புகளும் போயின. இதில் எதை எதிர்த்து யார் எங்கே மனுப் போடுவது? தோற்பதற்காவது ஒரு நீதிமன்றம் வேண்டும். அங்கே பெண்கள் வீட்டுக்குள் ரகசியமாக வகுப்பு நடத்துகிறார்கள். வழக்கு என்றால் அது ஹேக் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 8இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுண்ட்ஸாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் எதிராகக் கைதாணை பிறப்பித்தது. குற்றம், பாலின அடிப்படையிலான துன்புறுத்தல். அந்த நாட்டின் தலைமை நீதிபதியே குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில்!

ஈரான் அந்த நிலைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. படித்த பெண்களின் எண்ணிக்கை ஒன்று. சட்டத்தை விடாமல் பிடித்துத் தொங்கிய பெண்கள் இன்னொன்று. ஈரானிய வக்கீல் ஷிரின் எபாதியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோபெல் அமைதிப் பரிசு 2003இல். நான் அடிக்கடி நினைப்பது பரிசை இல்லை, அதற்கு முந்திய இருபது ஆண்டுகளை. 1979 இஸ்லாமியப் புரட்சிக்கு முன் அவர் தெஹ்ரானில் ஒரு நீதிமன்றத்துக்குத் தலைவர். புரட்சி வந்ததும் பெண் நீதிபதியாக இருக்கக் கூடாது என்றார்கள். அவரை அதே நீதிமன்றத்தில் எழுத்தராக உட்கார வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், நேற்று வரை உங்களிடம் கோப்பு கொண்டுவந்து கொடுத்தவர்கள் முன்னால் இன்று நீங்கள் கோப்பு தூக்க வேண்டும். அவர் வேலையை விட்டார். வக்கீல் உரிமம் கேட்டார், கொடுக்கவில்லை. கிடைத்தது 1992இல்.

உரிமம் வந்ததும் அவர் எடுத்த வழக்குகளில் பல, குழந்தைகள் சம்பந்தப்பட்டவை. விவாகரத்து ஆனால் மகனை 2 வயது வரை, மகளை 7 வயது வரைதான் தாய் வைத்திருக்கலாம், அதன் பிறகு தகப்பனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம். தகப்பன் வீட்டில் அடி வாங்கிச் செத்த ஒரு சிறுமியின் வழக்கு 1997இல் நாட்டையே உலுக்கியது. அதில் தாயின் பக்கம் நின்றவர்களில் எபாதியும் ஒருவர். அதன் பிறகு கொடுமை செய்யும் தகப்பனிடமிருந்து குழந்தையை எடுக்கச் சட்டத்தில் வழி வந்தது. 2003இல் மகனுக்கும் 7 வயது என்று மாறியது. இதெல்லாம் பெரிய புரட்சியா? இல்லை. ஒரு நான்கு வயதுப் பையனின் அம்மாவைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

அப்புறம் 2006 ஆகஸ்டில் தொடங்கிய 10 லட்சம் கையெழுத்து இயக்கம். கல்யாணம், விவாகரத்து, சொத்து, சாட்சி, தியத் (உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தரும் இழப்பீடு) என்று பெண்ணைப் பாதியாக எண்ணும் சட்டங்களை மாற்றச் சொல்லி வீடு வீடாக, பேருந்தில், பூங்காவில், அழகுநிலையத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடாதவர்களிடமும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்துப் பேசிவிட்டுத்தான் வந்தார்கள். பலரைத் தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று பிடித்தார்கள், அவர்களில் சிலருக்குச் சொத்தூதேதான் வக்கீல். 2008இல் வாகன விபத்துக் காப்பீட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இழப்பீடு என்று நாடாளுமன்றம் மாற்றியது. முதல் மனைவியின் சம்மதம் இல்லாமல் இரண்டாம் கல்யாணத்துக்கு வழிவிட்ட ஒரு மசோதா, பெண்கள் கிளம்பியதும் நின்றுபோனது. நம்மூர் ஆட்கள் "அவ்வளவுதானா?" என்பார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவும் சிறைக்குப் போன பெண்களால் வந்தது.

ஹிஜாபைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட ஜீனா மஹ்சா அமினி 2022 செப்டம்பர் 16இல் காவலில் இறந்த கதை எல்லோருக்கும் தெரியும், நான் திரும்பச் சொல்லவில்லை. தெரியாத பக்கம் ஒன்று உண்டு. மருத்துவமனையிலிருந்து செய்தி கொடுத்த நிலூஃபர் ஹமேதி, சவ அடக்கத்தை எழுதிய எலாஹே முஹம்மதி, இரண்டு செய்தியாளர்களையும் சிறையில் போட்டார்கள். அமினி குடும்பத்தின் வக்கீல் சாலே நிக்பக்த்துக்கு, பேட்டி கொடுத்ததற்காக ஓராண்டுத் தண்டனை. அதாவது எழுதியவர்களும் கோப்பு வைத்திருந்தவரும். ஐநா மனித உரிமை மன்றம் அமைத்த உண்மை அறியும் குழு 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அமினியின் சாவுக்குக் காவலில் நடந்த வன்முறைதான் காரணம், அதற்கு ஈரானிய அரசே பொறுப்பு என்றது. அந்தச் சாவை ஒட்டி வெடித்த போராட்டங்களில் 551 பேர் வரை கொல்லப்பட்டதாகவும் அவர்களில் 49 பெண்களும் 68 சிறுவர்களும் இருந்ததாகவும் நம்பத்தக்க கணக்கு உண்டு என்றது. அந்தக் குழுவை ஈரானுக்குள் விடவே இல்லை. பிறகு எதை வைத்து எழுதினார்கள்? சாட்சியம், மருத்துவக் காகிதம், தீர்ப்பு நகல், யாரோ பத்திரமாக எடுத்து வைத்த காணொளி. தோற்றுப்போன வழக்குகளின் காகிதம் இப்படித்தான் எங்கேயாவது போய்ச் சேர்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடம், ஏனென்றால் அடி வாங்கியது நீங்கள்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் பேசியவர்களுக்கு ஈரானியப் பெண்கள் மேல் ஒரு அக்கறையும் இல்லை என்று தாராளமாகச் சொல்வேன். அக்கறை இருந்திருந்தால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டிருக்கும். சொத்தூதேயின் கணவர் ரேசா கந்தான் ஒரு வரைகலைஞர். அவர் சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் சின்ன வட்ட வில்லைகள் செய்தார். அதில் எழுதியிருந்தது, "கட்டாய ஹிஜாபை எதிர்க்கிறேன்" என்று. அதற்காக அவருக்கு 6 ஆண்டுத் தண்டனை. 2024 டிசம்பரில் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஹிஜாபே கூடாது என்று அவர் எழுதவில்லை. அதைக் குத்திக்கொண்டவர்களில் ஹிஜாப் அணிந்தவர்களும் இருக்கலாம், அதில் ஒரு முரணும் கிடையாது.

ஈரானில் கட்டாயம் என்பது முதலில் எதிர்த்திசையில்தான் வந்தது. 1936 ஜனவரி 8இல் அப்போதைய மன்னர் ரேசா ஷா ஆணை போட்டார், பெண்கள் முகத்திரையும் தலைத்துணியும் அணியக் கூடாது என்று. தெருவில் போலீஸ்காரன் பெண்களின் தலைத்துணியைப் பிடித்து இழுத்தான். அதற்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே வராமலே இருந்துவிட்ட பாட்டிமார் உண்டு. அவர்களுக்கும் அது அரசாங்கம் செய்த வன்முறைதான். பிறகு 1979 மார்ச் 7இல் புரட்சித் தலைவர் கொமேனி, அலுவலகம் போகும் பெண்கள் ஹிஜாபோடுதான் போக வேண்டும் என்றார். மறுநாள் அனைத்துலகப் பெண்கள் தினம். ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். பல நாள் நடந்தது, நீதித்துறைக் கட்டடத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். அரசாங்கம் கட்டாயம் இல்லை, அறிவுரைதான் என்று அப்போதைக்குப் பின்வாங்கியது. அப்புறம் மெல்ல மெல்ல நெருக்கி 1983இல் 74 கசையடி என்று சட்டமாகவே போட்டது.

போலீஸ்காரன் கை பெண்ணின் தலைக்குப் போவதுதான் பிரச்சினை. அது எந்தப் பக்கம் இழுத்தாலும். உங்கள் அலுவலக நண்பரிடம் 1936ஐச் சொல்லுங்கள், அவருக்கு அது தெரிந்திருக்காது. இங்கே நம் ஊரிலேயே அரசாங்க மருத்துவமனைத் தாதியர் சீருடையோடு தூடோங் அணியலாம் என்று ஆனது 2021 நவம்பரில்தான். அதற்கு முன்னால் எத்தனை வருடம் அந்தப் பெண்கள் மருத்துவமனை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெஹ்ரான் பெண்ணுக்காகக் கண்ணீர் விடுகிற நம் தமிழ் நண்பர்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியவர் எத்தனை பேர்? இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சீருடை விதியும் கசையடியும் ஒன்றாகுமா? ஆனால் பெண்ணின் விருப்பம் என்று பேசுகிறவர் இரண்டு இடத்திலும் பேச வேண்டும்.

உங்கள் தலையில் வந்து விழுகிறது என்பதற்காக நான் எழுதாமல் இருக்க முடியாது. அடுத்த முறை எழுதும்போது 1936ஐ முன்னால் கொண்டுவந்து வைக்கலாம், அதைச் செய்கிறேன். ஆனால் எப்படி எழுதினாலும் முஸ்லிம்களைத் திட்டக் காரணம் தேடுபவர் அதில் ஒரு வரியை எடுத்துக்கொள்வார். அவருக்குப் பயந்து நாம் வாயை மூடிக்கொண்டால், ஈரானியப் பெண்களைப் பற்றிப் பேசும் ஒரே ஆள் அவர்தான் என்று ஆகிவிடும். அதைவிட மோசம் என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து பதில் சொல்கிறேன். ஷிரின் ஃபோஸ்டார் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1905இல் மும்பையில் பிறந்தவர். பெற்றோர் பாரசீகத்திலிருந்து வந்த பஹாய் சமயத்தவர். 1950இல் கணவரோடு சிங்கப்பூர் வந்தார். அப்போது இங்கே பல சமூகங்களில் ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைக் கட்டிக்கொள்ளலாம், நினைத்தபோது கைவிடலாம். கேட்பாரில்லை. அவரும் மற்றப் பெண்களும் சேர்ந்து 1952இல் சிங்கப்பூர் மாதர் மன்றத்தை அமைத்தார்கள். 1947இலேயே மலாய்ப் பெண்களுக்காகச் சங்கம் கண்ட சே ஸஹாரா நூர் முஹம்மதும் அதில் இருந்தார். அரசியல்வாதிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். கேலி செய்தார்கள், தள்ளிப் போட்டார்கள், சமயத்தில் தலையிடுகிறீர்கள் என்றார்கள். 1958இல் ஷரியா நீதிமன்றம் வந்து முஸ்லிம் பெண்களுக்கு விவாகரத்தில் ஒரு விசாரணை இடம் கிடைத்தது. 1961இல் மாதர் சாசனம் வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்று, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. குடும்ப வன்முறைப் பாதுகாப்பு பின்னாளில் அதில் சேர்ந்தபோது எல்லாச் சமயத்தாருக்குமாக வந்தது.

சிங்கப்பூர் ஈரான் மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை, அது அபத்தம். நான் சொல்வது, நம் வீட்டுக் கல்யாணச் சான்றிதழுக்குப் பின்னால் ஓர் ஈரானிய வம்சாவளிப் பெண்ணின் உழைப்பு இருக்கிறது என்று. அவருடைய சமயத்தைச் சேர்ந்த பத்துப் பெண்களை 1983 ஜூன் 18இல் ஷிராஸ் நகரில், சமயத்தை விட மறுத்ததற்காகத் தூக்கில் போட்டார்கள். அப்போது ஃபோஸ்டார் உயிரோடுதான் இருந்தார். அந்த ஊர் நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டால், இவ்வளவு சம்பந்தம்.

தமிழில் எழுதி என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரானியச் சிறையிலிருந்து யாரையும் என் கட்டுரை வெளியே கொண்டுவராது. ஆனால் உங்கள் வகுப்பில் வந்து உட்காரும் பெண்களுக்கு, தனக்கு என்ன பிரிவில் என்ன உரிமை இருக்கிறது என்று கேட்கத் தோன்றினால் எனக்குப் போதும். ஷரியா நீதிமன்றத்தில் கேள்விகளோடு நிற்கும் பெண் ஒருத்தி உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவளுக்கு ஈரானைவிட அதுதான் அவசரம். அதை முதலில் கேளுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஈரானில் புதிய ஹிஜாப் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அபராதம், வேலைத் தடை, சிறை என்று கடுமையானது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வரவேண்டியது. கடைசி நேரத்தில் உச்சப் பாதுகாப்பு மன்றம் நிறுத்தி வைத்தது. அமினிக்குப் பிறகு தெஹ்ரானில் தலைத்துணி இல்லாமல் நடக்கும் பெண்கள் அவ்வளவு பேர், அத்தனை பேரையும் பிடித்துப் போட முடியாது. சட்டம் ரத்தாகவில்லை, தூங்குகிறது. என்றைக்கு வேண்டுமானாலும் எழுப்புவார்கள். அதைத் தடுத்தது வக்கீல்கள் என்று சொல்ல மாட்டேன், தெருவில் நடந்த பெண்கள்தான். பிடிபட்டால் பின்னால் ஒருவர் வந்து கேட்பார் என்ற தைரியம் அவர்களில் சிலருக்காவது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஒருவரின் பெயர் பலருக்கு சொத்தூதே. 2023 அக்டோபரில் மெட்ரோவில் மயங்கி விழுந்து இறந்துபோன அர்மிதா கெராவந்த் என்ற சிறுமியின் சவ அடக்கத்துக்குப் போனதற்காக அவரை மறுபடியும் கைது செய்தார்கள். சிறையிலிருந்து உடல்நலம் சரியில்லை என்று வெளியே விடப்பட்டிருந்த நேரம் அது. தலைத்துணி இல்லாமல் போயிருந்தார். நவம்பரில் ஜாமீனில் வந்தார்.

வகுப்புக்கு 1936ஐ முதலில் சொல்லுங்கள், 1979ஐ அடுத்து. சொத்தூதேயை அதன் பிறகு கொண்டுவந்தால் யாரும் தங்களைத் திட்டுகிறார்கள் என்று நினைக்க மாட்டார்கள். பிரிவு எண், தண்டனைக் காலம் பற்றியெல்லாம் கேள்வி வந்தால் நீங்களே சமாளித்துவிடுவீர்கள், உங்கள் வேலையே அதுதானே. சமயம் சம்பந்தமாகக் கேட்டால் உங்கள் சமய ஆசிரியை உஸ்தாதாவிடம் விட்டுவிடுங்கள், என்னை இழுக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா